செவிக்கு ஒரு வகுப்பறை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

தமிழில் ‘பாடம் கேட்டல்’ என்று ஒரு வழக்கு உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடம் ‘கேட்டார்’ என்றுதான் இன்றும் எழுதுகிறோம். ‘படித்தார்’ என்று எழுதுவதில்லை. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்து வருவது கேள்வி. அறிவு முதலில் செவி வழியாகவே நம்மிடம் வந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் ஒருபடி மேலே போகிறார். ஒருமுறை பாடம் கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கு முறையாகச் சொல்லும் திறம் வரும் என்பது அவர் கருத்து. ஆனால் ஆசிரியர் ஒரே பாடத்தை மூன்று முறை நடத்துவாரா? அந்தக் காலத்தில் அது குருவின் பொறுமையைப் பொறுத்தது. நம் காலத்தில் அதைச் செய்துதர ஒரு கருவி வந்திருக்கிறது. அதுதான் ‘பாட்காஸ்ட்’ எனப்படும் வலையொலி.

பேச்சுக்கலை, எழுத்துக்கலை ஆகிய இரண்டையும் ஆராயும் வலையொலி ஒன்றை நானும் என் வகுப்புத் தோழர் இருவரும் நடத்தி வருகிறோம். இயற்பியல் மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடை கூறுவதோடு, இத்தகைய வலையொலியை எவ்வாறு நடத்துவது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலியிலிருந்து வலையொலிக்கு

நம் சென்னைக்கு ஒலிபரப்பு புதிதன்று. 1924-ஆம் ஆண்டிலேயே இங்கே ‘சென்னை மாகாண ரேடியோ கிளப்’ தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் அது 1927-இல் நின்றது. பின்னர் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று 1930-இல் ஒலிபரப்பத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16-இல் உதயமாயிற்று.

வானொலிக்கும் வலையொலிக்கும் உள்ள வேறுபாடு எளியது. வானொலி நிகழ்ச்சிக்காக நாம் காத்திருக்க வேண்டும். வலையொலி நமக்காகக் காத்திருக்கும். பேச்சைப் பதிவுசெய்து, இணையத்தில் ஓரிடத்தில் வைத்து, புதிய பகுதி வந்திருக்கிறது என்று கேட்போரின் செல்பேசிக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடே வலையொலி. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் ‘தி கார்டியன்’ இதழில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில்தான் ‘பாட்காஸ்டிங்’ என்ற சொல் முதலில் காணப்படுகிறது. ‘ஐபாட்’ என்னும் இசைக்கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ‘பிராட்காஸ்டிங்’ என்ற சொல்லையும் ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது.

இன்று பல்கலைக்கழகத்தார் பலரும் இக்கருவியைக் கைக்கொண்டுள்ளனர். அமெரிக்காவில் ஷேன் வுட் என்ற பேராசிரியர் 2019-இல் ‘பெடகாக்’ என்ற வலையொலியைத் தொடங்கினார். எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் வகுப்பறை அனுபவங்களை அதில் பேசுகிறார்கள். மாணவனுக்கு எழுத்து ஏன் வரவில்லை, வரவைப்பது எப்படி என்று அவர்கள் உரையாடுவதைக் கேட்டபோது, இதையே தமிழில், நம் வட்டாரத்தை வைத்து ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணம் எங்களுக்குப் பிறந்தது.

பேச்சு வரமா, தொழிலா?

நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர் பலர். தேர்வில் நன்றாக எழுதுவோம். ஆனால் கருத்தரங்கில் எழுந்து இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் நா வறண்டுவிடும். நேர்முகத் தேர்வில் தெரிந்த விடையும் வெளியே வராது. ‘பேச்சு என்பது வரம், சிலருக்குத்தான் வாய்க்கும்’ என்று சொல்லி நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

இந்தத் தேறுதல்தான் நமக்குப் பெரும் பகை. வரம் என்று ஒப்புக்கொண்டால், வாய்க்காதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானே! பேச்சு ஒரு தொழில்; தச்சுவேலை போல, பற்றவைப்பு வேலை போலக் கற்றுக்கொள்ளத் தக்கது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அதைப் பகுத்துக் காட்டினார். பேசுபவன் மீதுள்ள நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் காரணத்தின் வலிமை ஆகிய மூன்றாலும் ஒரு பேச்சு கேட்பவரை இணங்கவைக்கிறது என்றார் அவர். வள்ளுவரோ சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். அவைக்கு அஞ்சுவது அன்றே இருந்திருக்கிறது. அதைப் போக்கவும் முடியும் என்பதாலன்றோ அதற்கு ஓர் அதிகாரம்! அண்மைக் காலத்தில் அ. கி. பரந்தாமனார் ‘பேச்சாளராக’ என்றும் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்றும் இரு நூல்கள் தந்தார். பேச்சும் எழுத்தும் பயிற்சியால் வருவன என்ற நம்பிக்கை அத்தலைப்புகளிலேயே தெரிகிறது.

எங்கள் வலையொலியின் வேலை, இந்தத் தொழிலின் பூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் பற்சக்கரங்களைக் காட்டுவதே. ஒரு சொற்பொழிவு ஏன் நின்றது, ஒரு கட்டுரை ஏன் விழுந்தது என்று காரணம் காண்பதற்கு அறிவியல் மாணவனும் தகுதியுடையவனே.

நம் மண்ணின் மேடை

இதற்குச் சான்று தேடி ஏதென்சு வரை போக வேண்டியதில்லை. வடசென்னையில் காலாற நடந்தாலே போதும்.

ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே சென்று வழிபட்டவர் வள்ளலார். புராணச் சொற்பொழிவுக்குச் செல்ல வேண்டிய தமையனார் உடல்நலமின்மையால் செல்ல இயலாதபோது, இளைஞரான அவர் சென்று பேசி அவையை வியக்கவைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவரே பின்னர் 1854-இல் ‘மனுமுறைகண்ட வாசகம்’ என்ற உரைநடை நூலும் எழுதினார். பேச்சும் எழுத்தும் ஒருவரிடமே கூடியிருந்ததற்கு இது நம் பக்கத்து எடுத்துக்காட்டு.

அடுத்து 1918. பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் திரண்டு, அவ்வாண்டு ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினர். அதன் தலைவர் பி. பி. வாடியா ஆங்கிலத்தில் பேசுவார்; துணைத் தலைவர் திரு. வி. கலியாணசுந்தரனார் தமிழில் முழங்குவார். சிந்தித்துப் பாருங்கள். அதுவரை அரசியல் மேடைகளில் கற்றோர் கற்றோருக்கு ஆங்கிலத்தில் பேசுவதே பெருவழக்கு. ஆலையில் பாவு ஓட்டியவனை நோக்கி அவன் மொழியில் பேசியதும் மேடையின் இலக்கணமே மாறிவிட்டது. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழ் மேடைப்பேச்சையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். 2009-இலும், அவர் மறைவுக்குப்பின் 2021-இலும் வெளிவந்த நூல்களில், சுதேசி இயக்கக் காலம் தொடங்கித் தமிழ் மேடைப்பேச்சு ஒரு புதிய மக்கள் கூட்டத்தையே உருவாக்கியது என்று அவர் விரிவாக எழுதியுள்ளார்.

பிறகு 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்திய மே தினக் கூட்டங்கள். 1949 செப்டம்பர் 18-இல் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம். அரசியல் சார்பு எதுவாயினும் ஆகுக. சொல்லின் ஆற்றலை ஆராய விரும்பும் மாணவனுக்கு இவ்விடங்கள் எல்லாம் ஆய்வுக்கூடங்களே.

ஆயினும் ஒரு குறை. 1918-இல் திரு. வி. க. பேசிய குரல் நம்மிடம் இல்லை. அச்சில் வந்த சொற்கள் உண்டு. ஆனால் எங்கே நிறுத்தினார், எங்கே உயர்த்தினார், ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசைக்கு எப்படி எட்டவைத்தார் என்பது காற்றோடு போயிற்று. அந்த ஆலையும் 1996-இல் மூடப்பட்டது. பின்னாளில் அதன் வாயிலில் நின்று கூட்டம் கேட்டவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் நினைவிலுள்ள பேச்சுகளும் பதியப்படாவிட்டால் அவையும் போய்விடும். ஆகவே வலையொலி எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, சேமிப்பும் ஆகும்.

ஒரு பகுதி உருவாகும் விதம்

முதலாவது, கேள்வி. ஒரு பகுதிக்கு ஒரே ஒரு கேள்வி என்பது எங்கள் விதி. ‘மேடைப்பேச்சு’ என்பது தலைப்பாகாது. ‘பேச்சாளர் முதல் வாக்கியத்தில் என்ன செய்கிறார்?’ என்பது தலைப்பாகும். கேள்வி சிறிதாக இருந்தால்தான் விடை ஆழமாகும்.

இரண்டாவது, படிப்பு. அரைமணி நேரப் பேச்சுக்குக் குறைந்தது ஒரு வாரம் நூலகத்தில் அமர்கிறோம். எந்தக் கருத்து எவருடையது என்பதைப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறோம். அச்சுக் கட்டுரைக்கு அடிக்குறிப்பு உண்டு. ஒலிக்கு அடி எங்கே இருக்கிறது? எனவே ‘இன்னார் இந்நூலில் இவ்வாறு கூறுகிறார், இனி வருவது எங்கள் கருத்து’ என்று குரலிலேயே வரப்பு கட்ட வேண்டும். கல்விசார்ந்த வலையொலியை வெறும் அரட்டையிலிருந்து பிரிப்பது இந்த வரப்புத்தான்.

மூன்றாவது, உரையாடல். இதற்கு முன்மாதிரி நம் பழைய உரையாசிரியர்கள். ஒரு கருத்தைச் சொல்லி, மாணவன் எழுப்பக்கூடிய ஐயத்தைத் தாமே எழுப்பி, அதற்கு விடை கூறிச் செல்வது அவர்கள் முறை. இறையனார் களவியலுரை பல தலைமுறை வாய்மொழியாக வந்து பின்னரே எழுத்தானது என்று அவ்வுரையே கூறுகிறது. அந்த வினாவிடை நடையில் இன்றும் பேச்சின் வாசனை வீசுகிறது. நாங்களும் விருந்தினரிடம் கேட்கும் கேள்விகளைக் கேட்பவரின் ஐயங்களாகவே அமைக்கிறோம்.

நான்காவது, பதிவு. இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. எங்களிடம் ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் செல்லும் இடத்தில், ஒரு சிறிய அறையில் செல்பேசியை வைத்தே பதிவு செய்கிறோம். வெறும் சுவர் ஒலியை எதிரொலிக்கும்; துணி அதை உறிஞ்சும். எனவே கயிற்றில் போர்வைகளைத் தொங்கவிட்டு நடுவில் அமர்கிறோம். திறந்த வெளியில் ஒலிமூலத்திலிருந்து தொலைவு இரட்டித்தால் ஒலியளவு சுமார் 6 டெசிபல் குறையும். ஆகையால் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுவந்தாலே லாரியின் இரைச்சல் பின்னுக்குப் போய்விடும். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்ற கணக்கில் ஒற்றைத் தடத்தில் பதிந்த அரைமணி நேரப் பேச்சு சுமார் 159 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே நொடிக்கு 64 கிலோபிட் அளவுக்குச் சுருக்கினால் 15 மெகாபைட்டுக்குள் வைத்துவிடலாம். தினமும் அளந்து கொடுக்கப்படும் டேட்டாவை வைத்துக்கொண்டு கேட்கும் மாணவனுக்கு இக்கணக்கு முக்கியம்.

மைக் பேச்சின் இயல்பையும் மாற்றிவிடுகிறது. பத்தாயிரம் பேருக்கு முழங்கும் குரலைக் காதருகே வைத்துக் கேட்டால் தலைவலிதான் வரும். 1933-இல் அமெரிக்க அதிபர் ரூசுவெல்ட் வானொலியில் பேசியபோது, வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் ஒருவருடன் பேசுவதுபோல் வங்கி நெருக்கடியை எளிய சொற்களில் விளக்கினார். வலையொலிக்கும் அதுவே விதி: ஊருக்குப் பேசாதே, ஒருவருக்குப் பேசு.

ஐந்தாவது, செப்பனிடுதல். நன்னூலார் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். மற்றொன்று விரித்தல், மயங்க வைத்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றும் பதிவு செய்த உரையாடலில் அடிக்கடி தலைகாட்டும். அவற்றை வெட்டுகிறோம். ஆனால் ‘கூறியது கூறல்’ என்ற குற்றத்தில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. படிப்பவன் புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான். பேருந்தில் நின்றுகொண்டு கேட்பவனுக்கு அது எளிதன்று. ஆதலால் முக்கியமான கருத்தைச் சற்றே வேறு சொற்களில் மறுபடியும் சொல்லியாக வேண்டும். எழுத்தில் குற்றமாவது ஒலியில் குணமாகிறது! பேச்சுக்கும் எழுத்துக்கும் இலக்கணம் ஒன்றன்று என்பதை இந்த ஒரு நுட்பமே எங்களுக்குத் தெளிவாக்கியது.

எந்தத் தமிழில் பேசுவது?

எல்லாவற்றினும் கடினமான கேள்வி இதுதான். கல்வி பற்றிய பேச்சு என்றால் செந்தமிழில்தான் இருக்க வேண்டும் என்பர் சிலர். அப்படிப் பேசினால் பாதிப்பேர் கேட்கமாட்டார்கள் என்பர் வேறு சிலர். நாங்கள் ஒரு வழி கண்டோம். முன்னுரையும் முடிவுரையும் எழுதிப் படிப்பவை. அவை எழுத்துத் தமிழில் இருக்கும். நடுவில் வரும் உரையாடல் அவரவர் பேச்சுத் தமிழில் இருக்கும். விருந்தினரின் பேச்சைத் திருத்துவதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. துறைமுகத்தில் சுமைப்பணி செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வாயிற்கூட்டம் பற்றிக் கேட்டோம். “நீங்கல்லாம் காலேஜு படிக்கிற புள்ளைங்க. என் பேச்சப் போயி எதுக்குப்பா பிடிக்கிறீங்க?” என்று கூச்சப்பட்டார். பின்னர் மெல்ல மெல்லச் சொன்னார்: “ஷிப்ட்டு முடிஞ்சி வர்றவன் பஸ்ஸைப் பாத்துக்கினே நிப்பான். அவன்கிட்ட போயி வணக்கம் கிணக்கம்னு இழுத்துக்கினு இருந்தா போயிடுவான். எடுத்த எடுப்புல, ‘உன் சம்பளத்துல இவ்ளோ போச்சு’ன்னு சொல்லணும். அப்பால அவனே நிப்பான்.”

இது என்ன? அவையறிதல் அல்லவா! வள்ளுவர் ஓர் அதிகாரமாக வகுத்ததை அவர் தம் பட்டறிவில் கண்டு வைத்திருக்கிறார். அவர் பேச்சில் வரும் ‘பாத்துக்கினு’ என்பதைக் கொச்சை என்று தள்ளிவிட வேண்டாம். ‘கொண்டு’ என்பது ‘கினு’ ஆவது ஒருவர் வாய்த்தவறு அன்று. ‘வந்துகினு’, ‘சொல்லிக்கினு’ என எல்லா இடத்தும் ஒரே ஒழுங்கில் வருகிறது. ஒழுங்கு இருக்குமிடத்தில் இலக்கணம் இருக்கிறது. சினிமாவில் சிரிப்புக்கு மட்டும் பயன்பட்ட இந்தப் பேச்சை ஆராய்ச்சிப் பொருளாகக் கேட்கும்போது, அதைப் பேசுகின்ற நம் முதுகும் நிமிர்கிறது.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவரின் குரலையும் இவ்வாறே கேட்டுப் பாருங்கள். விலையை ஏற்றும்போது வேகம் கூடும். முடிக்குமுன் ஒரு சிறு நிறுத்தம் வரும். அந்த நிறுத்தத்தில்தான் இன்னொருவர் விலை கேட்பார். நிறுத்தமும் பேச்சின் ஓர் உறுப்பே என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் உண்டோ?

பேச்சை எழுத்தாக்கல்

ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்துப்படி ஒன்றும் தயாரிக்கிறோம். செவித்திறன் குறைந்த மாணவருக்கும் இது சேர வேண்டும் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் எங்களுக்கே ஆன நன்மை. அரைமணி நேரப் பேச்சை எழுதி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. அப்போதுதான் பேச்சில் வாக்கியங்கள் முடிவதே இல்லை என்பதும், குரல் செய்த வேலையை எழுத்தில் காற்புள்ளியும் பத்திப் பிரிப்பும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் தெரிகின்றன. இப்பழக்கத்தால் எங்கள் ஆய்வகக் குறிப்பேடுகளே திருந்திவிட்டன. ‘இவ்வாறு செய்யப்பட்டது’ என்று மனப்பாடமாக எழுதிவந்த நாங்கள், என்ன செய்தோம், ஏன் செய்தோம், என்ன கண்டோம் என்ற வரிசையில் எழுதப் பழகினோம்.

விருந்தினரின் இசைவைப் பதிவுக்கு முன்னும், வெளியிடுவதற்கு முன்னும் இருமுறை கேட்கிறோம். நீக்கச் சொன்ன பகுதியை நீக்கிவிடுகிறோம். ஒருவர் குரல் அவருடைய உடைமை என்பதை மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியது

ஒரு செல்பேசி, இரண்டு போர்வை, ஒரு நூலக அட்டை – இவ்வளவே இதற்கு மூலதனம். வேதியியல் துறை மாணவர் மணலி ஆலைகளில் வேலை செய்தவரிடம் தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைகள் எழுதப்படும் விதம் பற்றிக் கேட்கலாம். வரலாற்றுத் துறையினர் சங்கக் கூட்டம் கேட்டவர்களைத் தேடிச் செல்லலாம். தமிழ்த்துறை ஆசிரியப் பெருமக்கள் நன்னூற் பாயிரத்தை ஒருமுறை எங்கள் மைக்கின் முன் நடத்தித் தந்தால், அதை மாணவர் மூன்று முறை என்ன, முப்பது முறையும் கேட்பர்.

நம் தந்தையரும் தாத்தாக்களும் மேடைக்குக் கீழே நின்று கேட்டவர்கள். அவர்கள் கைதட்டலால்தான் பல பேச்சாளர்கள் பெரியவர்களானார்கள். கேட்கத் தெரிந்த அந்தப் பரம்பரையில் வந்த நமக்குப் பேசவும் எழுதவும் தெரியாமற் போகாது. முதலில் கேட்போம், கேட்டதைப் பகுத்துப் பார்ப்போம், பிறகு நாமும் வாய் திறப்போம்.